பிசுபிசுப்பு

கோக்கோ கலந்த பால் பட்டையும் கிராம்பும் மணக்க அடுப்பில் சூடேறுகிறது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. நேற்று சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றிவைத்த மார்ஷ்மெல்லோ மிட்டாய் மேடையில் வெள்ளைப் பாளமாக இறுகியிருக்க, மருமகள் அதைச் சதுரம் சதுரமாக வெட்டுகிறாள். கத்தியில் ஒட்டியதை வழித்தால் விரலில் ஒட்டுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் இதை விளையாட்டாகச் செய்து பாராட்டு வாங்கியவள். அந்தப் பாராட்டுதான் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவளை இந்த அடுப்படியில் கட்டிப்போடுகிறது. கூடத்தில் அவளுடைய போன் அடிக்கிறது. மாமியார் எடுத்துவிட்டார். "சொல்லுங்க சம்பந்தி. அவ கைவேலையா இருக்கா. லீவுக்கு அங்க அனுப்பச் சொல்றீங்களா? நாங்க போயிட்டு வான்னுதான் சொல்றோம், அவதான் எங்களை விட்டுட்டு எப்படிப் போறதுங்கிறா." "அத்தை, நான் எப்ப அப்படிச் சொன்னேன்..." என்று வாயெடுக்கும்போதே பால் பொங்கி வருகிறது. பாய்ந்து அடுப்பைத் தணிக்கிறாள். மாமியார் சிரித்த முகமாக வந்து போனை மேடையில் வைக்கிறார். "உங்கம்மாதான். நீ இங்க சந்தோஷமா இருக்கேன்னு சொன்னேன், அவங்களுக்கு நிம்மதி. முதல் கப் மாமாவுக்குக் குடு." அவர் போனதும், அம்மாவைக் கூப்பிட, போனில் கட்டைவிரலை வைக்கிறாள். ரேகை பொருந்தவில்லை என்கிறது. துணியில் துடைத்துவிட்டு அழுத்தி வைக்கிறாள். சர்க்கரை பூசிய விரலை அதற்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை. "ஆச்சாம்மா?" என்று கூடத்திலிருந்து மாமனார் குரல். "இதோ மாமா" என்கிறாள், விரலை எடுக்காமல்.