பட்டியலில் இல்லாத மெஷின்

"எந்திரி," என்றார் கடுகு சார்.

அவள் எழுந்து நின்றாள்.

எடுத்ததற்கெல்லாம் படபடவென்று பொரிவதால், அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'புதுசு'தான்.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை மேலே உருட்டினார். கீழே உருட்டினார்.

"ஸ்கேன் எங்க?"

"அதான் சார்... காணோம்."

"காணோம்னா? கடைத்தெருவுல கையை விட்ட குழந்தையா அது?"

ஒரு பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனம் வைப்பதுபோல, அங்கே ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பல மெஷின்கள் குடியிருந்தன. கையால் தொட முடியாது. திரையில் பெயராக மட்டும் தெரியும். மருந்துக்கடைக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று. 'ஸ்கேன்' என்பதில்தான் நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் எல்லாம் இருந்தன. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கத்தியை எடுக்குமுன் பார்ப்பது அதைத்தான்.

அதற்கு அடுத்த வரியில், உபயோகமில்லாமல் 'ஸ்கேன்-பழசு' என்று ஒன்று கிடந்தது. அதை அழிக்கும்படி மேலாளர் சொல்லியிருந்தார். அழித்தாள்.

மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருளில் முந்தின நாள்தான் புது வெர்ஷன் ஏற்றியிருந்தார்கள். அதில் பட்டியல் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அவள் விரல் அமுக்கவும், பட்டியல் ஒரு குதி குதிக்கவும் சரியாக இருந்தது. திரை அடங்கியபோது பழசும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

"எதை அமுக்குன?"

"பழசைத்தான் சார். ஆனா லிஸ்ட் குதிச்சிடுச்சு."

"லிஸ்ட் குதிக்குது, நீ நடுங்குற. நல்ல ஜோடி. பேக்கப்?"

"நேத்து வரைக்கும் இருக்கு சார். இன்னைக்குக் காலைல எடுத்த படமெல்லாம்..."

காலையில் ஸ்கேன் எடுத்தவர்களைத்தான் இப்போது ஒவ்வொருவராகத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

கடுகு சார் பொரியவில்லை. எழுந்து, நேரே மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போனார்.

உள்ளே அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பேச்சுக்கு நடுவே அவர் கை நீண்டு அவளுடைய நாற்காலியைக் காட்டியது. மேலாளர் எட்டி அவளைப் பார்த்தார்.

போட்டுக் கொடுக்கிறார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போனால் போகட்டும். தியேட்டரில் மயங்கிக் கிடக்கும் யாரோ ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெளியே பெஞ்சில் அவருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களே? போலீஸ் வருமா? வீட்டுக்கு வந்து அப்பா எதிரில் கூப்பிடுவார்களா? மேஜையில் போன் ஊமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கவே பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடுகு சார் வெளியே வந்தார். அவள் பக்கம் திரும்பாமல் தடதடவென்று படியிறங்கி ஓடினார்.

வத்தி வைத்தாயிற்று, இனி அவருக்கு இங்கே என்ன வேலை?

சற்று நேரம் கழித்து, போனை வைத்துவிட்டு, மேலாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. ஸ்கேன் மெஷின்ல என்ன நடந்தது?"

கதவைத் திறக்கும்வரை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கடுகு சார்தான் முந்திக்கொண்டாரே. வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன.

"நான் இல்ல சார். சீனியர் சார்தான். என்னை எழுப்பிட்டு என் சீட்ல உக்காந்தார். மவுஸ் அவர் கையிலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் அது காணாமப் போச்சு."

"நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணால பார்த்தேன் சார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் அல்ல, மூன்றாவது சர்வரின் பட்டியல். நடுவில், பச்சை விளக்கோடு, ஸ்கேன்.

"புது வெர்ஷன்ல ஒரு வசதி இருக்கு. ஒரு சர்வர்ல நெரிசல் ஜாஸ்தியானா, ஓடுற மெஷினை நிறுத்தாமலே வேற சர்வருக்குக் குடி மாத்திடும். காலைல அதைப் போட்டுவிட்டவன் நான்தான். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன், அது என் தப்பு. நீங்க ரெண்டு பேரும் காலி பண்ணின வீட்டுலயே தேடியிருக்கீங்க. அது நிஜமாவே அழிஞ்சிருந்தா தியேட்டர்காரங்க இந்நேரம் நம்மளைச் சும்மா விட்டிருப்பாங்களா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்போ அவர் என்னைப் பத்தி உங்ககிட்ட கோள் சொன்னதெல்லாம் பொய்தானே சார்?"

"உங்களைப் பத்தியா?"

மேலாளர் இல்லை என்று தலையசைத்தார்.

"'அந்தப் பொண்ணு சீட்ல உக்காந்து நான்தான் கை தவறி அழிச்சிட்டேன். அதைக் கூப்பிட்டுக் கேள்வி கேக்காதீங்க, ஏற்கெனவே பயந்து போயிருக்கு'ன்னார். சொல்லிட்டு, ஆபரேஷனை நிறுத்தி வைக்கச் சொல்லத் தியேட்டருக்கு ஓடினார். அவர் போனப்புறம்தான் நான் மத்த சர்வர்ல தேடிப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலைன்னு இப்பத்தான் அவருக்குப் போன்ல சொன்னேன்."

அவள் தலை குனிந்தாள்.

"நடக்கவே நடக்காத ஒரு தப்பை, அவர்தான் செஞ்சார்னு ரெண்டு பேர் வந்து சொல்லிட்டீங்கம்மா," என்றார் மேலாளர். "ஒருத்தர் அவர். இன்னொருத்தர் நீங்க."