குப்பைக்குக் கூரையாம்!

ஒரு அரிசி மில்லில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருந்தது. பக்கத்து உமிக்குவியலைக் கண்டாலே அதற்கு ஆகாது. காற்றடித்தால் உமி பறந்து களத்தில் விழும்.

"குப்பை! மறுபடியும் வந்துட்டியா?" என்று களம் சீறும்.

சில வருஷமாக மழை நினைத்த நேரத்துக்கெல்லாம் வந்தது. முதலாளி நெல் உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். அதன் அடுப்புக்கு உமி நனையாமல் இருக்கட்டும் என்று குவியலுக்குத் தகரக் கூரையும் போட்டார். களத்துக்கு வயிறு எரிந்தது.

"குப்பைக்குக் கூரையாம்!"

மாசி வெயிலை நம்பி அன்றைக்கு அவித்த நெல்லைக் களம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். களத்தில் வேலை பார்க்கும் செங்கமலம் அதைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

"ஐயோ, என் நெல்லு நாறிப்போயிடுமே!" என்று களம் கதறியது.

"மெஷினுக்கு அள்ளுங்கடி! அடுப்புல உமியைத் தள்ளுங்க!" என்று செங்கமலம் கூட இருந்த பெண்களிடம் கத்தினாள்.

உமி தகதகவென்று எரிந்தது. மழை விடுவதற்குள் நெல் சலசலவென்று காய்ந்து வெளியே வந்தது.

களம் உமிக்குவியலைக் கூப்பிட்டது. "அவ்வளவு ஏசினேன். என் நெல்லுக்காக எரிஞ்சியே!"

"போன மாசம் உன் மேல காய்ஞ்ச நெல்லோட தோலுதானே நாங்க," என்றது மிச்சமிருந்த உமி. "நீ ஊட்டின வெயிலு எங்ககிட்ட பத்திரமா இருந்துச்சு."

மறுநாள் காற்றடித்தது. நாலைந்து உமி பறந்து வந்தது.

"பாத்து இறங்கு, ஈரம் இன்னும் காயலை," என்றது களம்.