மகளிர் பெட்டி

ஓய்வுபெற்ற முதல் தலைமுறை மெட்ரோ ரயில்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வீடுகளாகக் கொடுத்தார்கள். வளர்மதிக்குக் குலுக்கலில் விழுந்தது மகளிர் பெட்டி.

கணவன் தணிகாசலம் உள்ளே கால் வைத்தாலே, "இது பெண்களுக்கான பெட்டி. தயவுசெய்து இறங்கவும்" என்று அறிவிப்பு ஆரம்பித்துவிடும்; அவன் இறங்கும்வரை ஓயாது. வேறு வழியில்லாமல் பக்கத்துப் பெட்டியில் தம்பியோடு தங்கினான். சமைக்கக்கூடக் கற்றுக்கொண்டான்.

அவன் கொடுத்த புகாருக்கு மூன்றாம் மாதம் ஒரு மெக்கானிக் பெண் வந்தாள்.

"அறிவிப்ப நிறுத்த ஒரு நிமிஷம் போதும்க்கா. நீங்கதான் போன்ல ஓகே குடுக்கணும். மூணு தடவை கேட்டோமே?"

அதற்குள் தணிகாசலம் சூடான தோசைத் தட்டோடு வாசலில் வந்து நின்றான்.

"என்னவாம்?"

"ரொம்பப் பழைய வண்டியாம்ங்க," என்றாள் வளர்மதி, தட்டை வாங்கிக்கொண்டே. "ஒண்ணும் பண்ண முடியாதாம்."