ஒரு நாள் தவறாத வீரன்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்களுக்கு வீரனே சாட்சி. மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல், மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றவன் அவன்.

1958இல், ஜவ்வாது மலையில் நடந்தது. ஆசிரியர் தசரதன் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அன்று காலை நான்காவது தடவையாக ஓங்கி அடித்தார். எதிர் மலையிலிருந்து எதிரொலி ஒன்றுதான் நேரத்துக்கு வந்தது.

பதினொரு மணிக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அதில் இரண்டு பேரைக் காணவில்லை.

"பத்து மணிக்கு வரச் சொன்னா உச்சி வெயில்ல வர்றியே, உனக்கே நல்லாருக்கா?" என்று மிச்சமிருந்த திரௌபதியிடம் கத்தினார். அவளுக்கு எட்டு வயது.

"நான் இன்னா பண்றது வாத்தியாரே? ஆடு மேய்க்கணும். அதுங்க எங்க போவுதோ அங்கதான நாங்க போவணும்?"

தசரதனின் சட்டைப் பையில் மேலதிகாரியின் கடிதம் இருந்தது. தை மாதம் டெபுடி இன்ஸ்பெக்டர் வருவார். பதிவேட்டில் இருபது பெயர் இருக்க வேண்டும், பிள்ளைகள் நேரத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் பள்ளிக்கூடம் மூடப்படும். மூடினால் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த பள்ளிக்கூடம் மலையிறங்கி ஆலங்காயத்தில்தான். பதிவேட்டில் இருந்ததோ பத்தொன்பது பெயர்.

அன்று சாயங்காலமே திரௌபதியின் அப்பா துரைக்கண்ணுவின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வூடு வூடா கெஞ்சிட்டேன் துரைக்கண்ணு. வெல்லம் குடுத்தேன், பிரம்பக் காட்டினேன். ஒண்ணும் நடக்கல. இன்னும் இன்னாதான்யா பண்ணச் சொல்ற?"

துரைக்கண்ணு சாவகாசமாகச் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டு வீரன சேத்துக்கங்க வாத்தியாரே. அவன் வந்தா மத்ததெல்லாம் பின்னாலயே வந்துரும்."

"வயசு?"

"மூணு ஆவுதுங்க."

"மூணு வயசுப் பையன வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது?"

"பாத்தா அப்பிடித் தெரியாதுங்க. என்னையே கீழ தள்ளிவுட்டுருவான்."

தசரதன் பல்லைக் கடித்துக்கொண்டு, வயது ஐந்து என்று எழுதினார்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றார் துரைக்கண்ணு. "மணி அடிச்சதும் ஒரு பிடி வேர்க்கடல குடுத்துரணும். ஒரு நாளு மறந்தீங்கன்னு வையுங்க, அப்பறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்."

மறுநாள் காலை வாசலில் வந்து நின்ற வீரனைத் தசரதன் உச்சி முதல் கால்வரை பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பெயரை அடிக்கப் பேனாவையும் எடுத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால், வீரனுக்குப் பின்னால் பத்தொன்பது பிள்ளைகளும் மூச்சிரைக்க வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மணி பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

பேனாவை மூடிவிட்டார்.

அதன் பிறகு வாரம் தவறாமல் ஆலங்காயத்திலிருந்து ஒரு பை வேர்க்கடலையைத் தோளில் சுமந்து மலையேறினார். பிள்ளைகள் வந்தார்கள், வாய்ப்பாடு சொன்னார்கள். தசரதனுக்கு மட்டும் எரிச்சல் அடங்கவில்லை. 'பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தது இவனுக்குக் கடலை உடைத்துப் போடவா?' என்று உடைத்துப் போடும்போதெல்லாம் முணுமுணுத்தார்.

தை பிறந்தது. டெபுடி இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் குடையும் டைரியுமாக மேலே வந்து சேர்ந்தார். பிள்ளைகளை எண்ணினார்.

"பத்தொன்பது தலைதானே இருக்கு?"

"வீரன் வெளியே நிக்கறான் ஐயா," என்றார் தசரதன்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு அத்தை வீட்டுக் கல்யாணம் என்று எல்லார் பெயருக்கு நேரிலும் இரண்டொரு நாள் விடுபட்டிருந்தது. ஒரே ஒரு வரிசை மட்டும் சுத்தமாக இருந்தது.

"மூணு மாசமா ஒரு நாள்கூட லீவு போடலையா இந்தப் பையன்?"

"இல்லீங்க ஐயா. உண்மையைச் சொன்னா, மத்த பிள்ளைங்க நேரத்துக்கு வர்றதே அவனாலதான்."

பஞ்சாட்சரம் அந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு மாணவனை அவர் கண்டதில்லை. 'பள்ளி தொடர்ந்து நடக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு புதுச் சிலேட்டை எடுத்தார்.

"இதை அவன் கையில் நானே கொடுக்கணும். கூப்பிடுங்க."

"கூச்ச சுபாவம் ஐயா. நான் அப்பறமா குடுத்துர்றேனே," என்று தசரதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அட, சும்மா இருங்க!" அதிகாரி தானே வாசலுக்குப் போனார். "வீரா! இங்கே வாப்பா, தம்பி!"

யாரும் வரவில்லை. மரத்தடியில் பிள்ளைகளின் ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் இன்னொரு தடவை, இன்னும் அன்பாகக் கூப்பிட்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த திரௌபதி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சும்மா கூப்ட்டா வராதுங்க ஐயா, கடலயக் காட்டுங்க, கெடா தானா ஓடியாரும்."