தமிழில் கேட்க

காதில் அமைச்சர் பேசுகிறார். இரண்டு விநாடி பின்னால், மைக்கில் அவள் அதைத் தமிழில் பேசுகிறாள்.

கண்ணாடி அறை. கீழே நாடாளுமன்றம். கேள்வி நேரம்.

புயலில் காணாமல் போன மீனவர்கள் பற்றிய கேள்வி. ஒன்பது பெயர்கள். நான்காவது, ஆன்றோ பிறிட்டோ.

அவள் தம்பி. கடலுக்குப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர், சுதர்சனம். விஷயம் தெரிந்தவர். நான் பேசுகிறேன், நகர்ந்துகொள் என்று கை காட்டினார்.

அவள் நகரவில்லை. நல்ல சேதியாக இருந்தால் அதை அவள் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். என்ன பேராசை!

குமரிக் கடலோர வீட்டில் அம்மா செல்போனைக் காதோடு வைத்திருப்பாள். நாடாளுமன்றம் கூடும் நாளெல்லாம் நேரலையைத் தமிழில் கேட்பாள். அரசியல் எவளுக்கு வேண்டும்? மகள் குரல் போதும்.

யார் பேசினாலும் 'நான்' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். 'அமைச்சர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. அதுதான் விதி. அம்மா தினமும் கேலி செய்வாள்.

"இன்னைக்கு நீ எந்தக் கட்சி மக்ளே?"

அமைச்சர் தண்ணீர் குடித்தார். தாளைத் திருப்பினார். அடுத்த வரியை ஆங்கிலத்தில் வாசித்தார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இரண்டு விநாடி.

சுதர்சனம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். 'அமைச்சர் சொல்கிறார்' என்று ஆரம்பித்தால்தான் என்ன? வேலை போனால் போகட்டும். நாக்கு நுனிவரை வந்தது.

மூன்று வருடப் பழக்கம். நாசமாய்ப் போன பழக்கம்.

"நேற்று மாலையோடு தேடுதலை நிறுத்தும்படி நான் உத்தரவிட்டேன்."

குரல் நடுங்கவில்லை. அதற்காகத் தன் மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

கீழே கூச்சல். அடுத்த கேள்விக்குப் போனார்கள். சுதர்சனம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்து செல்போனை உயிர்ப்பித்தாள். உடனே மணி அடித்தது.

அம்மா அழவில்லை. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. வீட்டில் இல்லை, கரையில்தான் நிற்கிறாள்.

"அம்மா, அது நான்..."

"தெரியும் மக்ளே. அது மந்திரி சொன்னது."

அலைச் சத்தம் நெருங்கி வந்தது. அம்மாவே தொடர்ந்தாள்.

"இப்ப நீ சொல்லு. நிறுத்திரலாமா?"