வாசிக்கக் கூடாத பக்கங்கள்

"இண்டைக்கு அந்த மனிசன் உள்ளுக்க வந்தா நான் கதைக்கத்தான் போறன், அன்ரி" என்றாள் சாருஜா.

பத்மாவதி அன்ரி தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் அவருடைய தொடர்மாடி வீட்டு ஹோலில்தான் மாதாமாதம் பெண்களின் வாசிப்பு வட்டம் கூடும். தொடங்கியவள் சாருஜா. கொள்ளுப்பிட்டியில் சட்டத்தரணி. பெண்கள் பயமில்லாமல் வாய் திறக்கிற இடம் என்று அதைப் பற்றி அவளுக்குத் தனிப் பெருமை.

"ஆரைச் சொல்லுறாய்? லுத்பியாவின்ர அவரையோ?"

"ஓம். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறார். பக்கத்திலயே இருக்கிறார். நாங்கள் ஒண்டு கேட்டா, முதல்ல அவர் அவவின்ர காதுக்குள்ள குசுகுசுக்கிறார். பிறகுதான் அவ கதைக்கிறா. புத்தகத்தைக்கூட அவவின்ர கையில விடுறாரில்லை."

"சில ஆம்பிளையள் அப்பிடித்தான், பிள்ளை."

"அவையளுக்கு இது இடமில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, லுத்பியாவும் கணவர் ஸாலிஹும் வந்துவிட்டார்கள். ஸாலிஹுக்குக் கொட்டாஞ்சேனையில் ஃபேன்ஸி கடை. ஒரு கையில் நாவல், மறு கையில் மனைவியின் முழங்கை.

சாருஜா வாசலிலேயே மறித்தாள். "ஸாலிஹ் நானா, குறை நினைக்க வேண்டாம். இது பெண்களின்ர கூட்டம். இண்டைக்கு அக்கா தனிய இருக்கட்டும்."

ஸாலிஹ் தயங்கினார். லுத்பியாதான் சொன்னாள், "நீங்க போய்ட்டு வாங்க. நான் இருப்பேன்."

"சரி மகள். நான் அஸர் தொழுதிட்டு வாறேன்" என்று சாருஜாவிடம் சொல்லி, மனைவியைக் கதிரையில் இருத்தி, புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சாருஜாவுக்கு வழக்கொன்றில் வென்ற மாதிரி இருந்தது.

அந்த மாதத்துக்கு அவள் தெரிவு செய்தது தமிழில் வந்த ஓர் இந்தோனேசிய சரித்திர நாவல். ஒல்லாந்தர் காலத்து ஜாவா. கரும்புத் தோட்டத்தில் பிறந்த மெலாத்தி என்கிற பேரழகி. அந்த அழகும் போதாதென்று, துரைமாரின் விருந்தில் இன்னும் வெளுப்பாக நிற்க வேண்டுமென்று ஈயம் கலந்த வெண்பொடியைப் பெற்ற தாயே அவள் முகத்தில் அப்புகிறாள். மெலாத்தி துரையின் மாளிகைக்குப் போகிறாள். பொடியும் கூடவே போகிறது.

ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். துரையைத் திட்டினார்கள், தாயைத் திட்டினார்கள். கடைசியில் லுத்பியா பேசினாள்.

"எல்லாரும் மெலாத்திட முகத்தப் பத்தியே கதைக்கிறாங்க. அவ ஒரு தரம் சரி கண்ணாடி பார்த்ததா கதையில இல்ல. ஊரே அவட அழகப் பார்த்திச்சு. அவ மட்டும் பார்க்கல்ல."

இந்தக் கோணம் ஒருவருக்கும் பிடிபட்டிருக்கவில்லை.

"பாத்தீங்களோ அன்ரி, தனிய விட்டா எப்பிடிக் கதைக்கிறா" என்ற சாருஜா, லுத்பியாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அந்த விருந்து வாற இடத்தை நீங்களே வாசியுங்கோ. இங்க உங்களை ஆரும் தடுக்க மாட்டினம்."

லுத்பியா சிரித்தாள். "எனக்கு எழுத்து விளங்காதே, புள்ள. கண் போய்ட்டுது. ஆக்கள் நிழல் மாதிரித் தெரியும், அவ்வளவுதான்."

"அப்ப இந்த நாவலை எப்பிடி..."

"இவர்தான் வாசிச்சுக் காட்டுற. இவர் சிங்கள மீடியத்தில படிச்சவர். தமிழ்ல ஒரு எழுத்தும் தெரியாது. எனக்குக் கதையெண்டா உசிர். கண் போன பொறகு, முதலாம் வகுப்புப் புத்தகம் ஒண்டு வாங்கிட்டு வந்து அ, ஆவில இருந்து துவங்கினார். இப்ப துரைக்கு ஒரு குரல், மெலாத்திக்கு ஒரு குரல்." அவள் முகம் பூரித்திருந்தது. "இங்க காதுக்குள்ள சொல்லுறதும், யாரு கதைக்கிறாங்க, எந்தப் பக்கம் திரும்பணும் எண்டுதான்."

சாருஜாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மற்றவர்கள் தேநீருக்கு எழுந்ததும் லுத்பியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் வாசிக்கிறன், அக்கா."

புத்தகத்தை விரித்தாள். நடுவில் கொஞ்சப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து இறுக்கமாகக் கிளிப் போட்டிருந்தது.

"இது... ஸாலிஹ் நானா மூடி வைச்சதோ?"

"இல்ல. நான் மூட வெச்சது." லுத்பியாவின் குரல் தணிந்தது. "என்ட தங்கச்சி ஷிஹாரா முதல்ல வாசிச்சிட்டுச் சொன்னா. அந்தப் பொடியால மெலாத்திட கண் போகுதாம். பொடிய வித்த கடைக்காரன் அது தெரிஞ்சு நொறுங்கிப் போறானாம். தங்கச்சியக் கொண்டுதான் கிளிப் போட்டேன். அச்சுப் பிழைச்ச பக்கம் எண்டு இவருக்குச் சொல்லி வெச்சிருக்கிறேன். இண்டைக்கு இங்க அந்தக் கதை வந்திடும் எண்டு பயந்துகொண்டுதான் வந்த. நீங்க இவர வெளிய அனுப்பினது நல்லதாப் போச்சு."

"ஏன் அக்கா?"

"எங்கட கடையில வெள்ளையாக்கிற கிறீம் ஒண்டு நல்லா ஓடிச்சு. இவருக்குத் தெரியாம அதத்தான் எடுத்து, வருஷக்கணக்கா கண்ணச் சுத்திப் பூசினேன். அதாலதான் கண் போச்சு. கிறீம் எங்க வாங்கின எண்டு டொக்டர் கேட்டப்ப, யாரோ வெளிநாட்டில இருந்து கொண்டுவந்து தந்தது எண்டு சொல்லிட்டேன். கடையிலயும் அந்தச் சாமான் வேணாம் எண்டேன். ஏன் எண்டும் கேக்காம நிப்பாட்டினார்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லுத்பியா நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள்.

"எனக்காக எழுத்துப் படிச்ச மனிசன், புள்ள. அவர் தல குனியிற பக்கத்த எங்கட வீட்டில வாசிக்கிறல்ல."