பால் பொங்கிய வண்டி

தானே ஓடும், பேசும் எங்கள் வண்டிவீட்டின் கதவு காலையிலிருந்து திறக்கவில்லை. உள்ளே அப்பா இருக்கிறார், இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். வண்டியை வாங்கிய ஆறு மாதத்தில் கதவு இப்படி மாட்டுவது இது ஒன்பதாவது தடவை.

வெளியே நின்றபடியே நுகர்வோர் ஆணையத்துக்குப் போன் செய்தேன். இப்போதெல்லாம் விசாரணை அப்போதே முடிந்துவிடும். ஆணையத்தின் குரல் முதலில் சாட்சியைக் கூப்பிட்டது. சாட்சி எங்கள் வண்டிதான்.

"குடிவந்த அன்று பாலை வேண்டுமென்றே பொங்கி வழியவிட்டார்கள். பால் தரைக்குள் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்," என்றது வண்டி. அதில் பொய் ஒன்றுமில்லை.

"பால் பொங்குனாத்தானுங்க குடும்பம் தழைக்கும். புது வீட்டுக்கு வேற எப்பிடிங்க குடி போறது?" என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா.

"பால் வழிஞ்சது அடுப்புல. கெட்டுப்போனது கதவு. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கத்தினேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் சட்டம்.

"தவறான பயன்பாடு. புகார் தள்ளுபடி," என்றது ஆணையத்தின் குரல்.

கீழே கிடந்த கல்லைத் தூக்கினேன்.

"கதவை உடைத்தால் என்னைச் செய்த நிறுவனத்துக்கே திரும்பிப் போய்விடுவேன்," என்றது வண்டி, கனிவாக. அப்பாவையும் வைத்துக்கொண்டுதான் போகும். கல்லைக் கீழே போட்டேன்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: "என்ன கண்ணு, செயிச்சுட்டமா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா கதவில் நெற்றியை வைத்தாள்.

"இனிமே பொங்க உடமாட்டோம் தாயி. தொறந்து உடு தாயி."